மகனைப் பறிகொடுத்த தகப்பனின் கதையில் நமக்கு ஏன் சிரிப்பு வருகிறது?

நீங்கள் எழுதியிருப்பது இதுதான்: ‘கிராஃப்டிடியோட்டன்’ என்ற நார்வேப் படத்தை வீட்டில் மனைவியுடன் பார்த்தீர்கள், மகனை இழந்த ஒரு தகப்பன், அதற்குக் காரணமானவர்களை ஒருவர்பின் ஒருவராகக் கொன்று தீர்க்கும் கதை, நான்காவது ஐந்தாவது சாவு வருவதற்குள் உங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, மனைவி முகம் சுளித்து எழுந்து போய்விட்டார், பிறகு தேடிப் பார்த்தால், பார்த்தவர்களில் ஒரு சாரார் வயிறு வலிக்கச் சிரித்ததாகவும் மற்றொரு சாரார் ஈரமே இல்லாத படம் என்றும் எழுதியிருக்கிறார்கள். இதில் எது சரியான எதிர்வினை என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கேள்வியை இரண்டாம் முறை படித்தபோது, நீங்கள் உண்மையில் அறிய விரும்புவது ‘சாவைப் பார்த்துச் சிரித்த என்னிடம் ஏதேனும் கோளாறா’ என்பதையே என்று எனக்குப் பட்டது. அதற்கே பதில் சொல்ல முயல்கிறேன். நான் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு சிறிய திரைப்படக் கழகத்தை நடத்தி வருபவன். படம் தொடங்கியதும் கடைசி வரிசைக்குப் போய், திரையைவிட அதிகமாக அரங்கைப் பார்த்துக்கொண்டிருப்பது என் பழக்கம். இந்தப் படத்தை மூன்று வெவ்வேறு கூட்டங்களுக்குத் திரையிட்டிருக்கிறேன். ஐம்பது அறுபது பேர் அமரும் அறையில் கண்ணால் கண்டதைத்தான் சொல்லப்போகிறேன். அதை யாரும் ஆய்வு முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். படத்தின் முடிவையும் பேச வேண்டியிருப்பதால், இன்னும் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது.

படத்தைப் பற்றி ஐயமின்றிச் சொல்லக்கூடியவற்றை முதலில் வைத்துவிடுகிறேன். ஹான்ஸ் பெட்டர் மோலாண்ட் இயக்கி, 2014 பிப்ரவரியில் பெர்லின் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவில் திரையிடப்பட்ட படம் இது. திரைக்கதை டென்மார்க்கைச் சேர்ந்த கிம் ஃபுப்ஸ் ஆகசனுடையது. மலைப்பகுதி ஒன்றில் சாலைப் பனியை அகற்றும் வண்டியை ஓட்டும் நில்ஸ், ஸ்வீடனிலிருந்து வந்து குடியேறியவன். ஊர் அவனுக்கு ‘ஆண்டின் சிறந்த குடிமகன்’ என்ற பட்டத்தைக் கொடுத்திருக்கிறது. அந்த வேடத்தில் ஸ்டெலான் ஸ்கார்ஸ்கார்ட். மகன் ஹெராயின் அளவு மீறி இறந்துவிட்டான் என்று காவல்துறை கோப்பை மூடுகிறது. அது கொலை என்பது நில்ஸுக்குத் தெரியவருகிறது. அவன் தன் வேலையைச் செய்யும் அதே ஒழுங்கோடு கொல்லத் தொடங்குகிறான். எதிர்ப்பக்கத்தில் ‘கிரேவன்’, அதாவது ‘பிரபு’, என்று அழைக்கப்படும் போதைமருந்துத் தலைவன். இறைச்சியும் பாலும் தொடாதவன், கேரட் சாறு குடிப்பவன். தன் ஆட்களைக் கொல்வது செர்பியக் கும்பல்தான் என்று அவன் தவறாகக் கணிக்க, புரூனோ கான்ஸ் நடித்த செர்பியத் தலைவனும் தன் மகனை இழக்கிறான். மூன்று தகப்பன்கள், மூன்று மகன்கள் என்று கதை கிளை பிரிகிறது. நார்வேஜியத் தலைப்புக்கு ‘சுத்த முட்டாள்’ என்று பொருள். ஆங்கிலத் தலைப்போ, படங்களின் முடிவில் நடிகர் பெயர்களை ‘தோன்றும் வரிசைப்படி’ என்று போடுவார்களே, அதைத் திருப்பி ‘மறையும் வரிசைப்படி’ என்று வைக்கப்பட்டது.

அந்த ஆங்கிலத் தலைப்பில்தான் உங்கள் சிரிப்பின் பாதி ரகசியம் இருக்கிறது. ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் திரை கறுத்து, செத்தவனின் பெயரும் அவனுக்குக் கும்பலில் வழங்கிய பட்டப்பெயரும் ஒரு மதச் சின்னமும் கொண்ட அறிவிப்பு அட்டை வருகிறது: நார்வேக்காரனுக்குச் சாதாரணச் சிலுவை, செர்பியனுக்குக் கிழக்கத்திய மரபுச் சிலுவை, யூதனுக்கு ஆறுமுனை நட்சத்திரம். என் மூன்று திரையிடல்களிலும் முதல் அட்டைக்கு எவரும் சிரிக்கவில்லை. அது உண்மையான இரங்கல் அறிவிப்பாகவே அரங்கில் இறங்கியது; ஏனெனில் அது மகனுக்கான அட்டை. இரண்டாவதற்கும் மௌனம், சற்றே குழப்பமான மௌனம். மூன்றாவது நான்காவதில் யாரோ ஒருவர் மூக்கால் சிரிப்பார். அதன் பிறகு அட்டை வருவதற்கு முன்பே, ‘இதோ வருகிறது’ என்ற எதிர்பார்ப்பில் அரங்கு சிரிக்க ஆரம்பித்துவிடும். படமும் இதை அறிந்து விளையாடுகிறது: சில இடங்களில் கொலையைக் காட்டாமலே அட்டையை மட்டும் போடுகிறது, இறுதித் துப்பாக்கிச் சண்டை முடிந்ததும் ஒரே அட்டையில் பெயர்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. பிரெஞ்சுத் தத்துவவாதி ஹென்றி பெர்க்சன் 1900இல் சிரிப்பைப் பற்றி எழுதியபோது, உயிருள்ள ஒன்றின் மேல் இயந்திரத்தனம் படிந்து தெரியும்போது நமக்குச் சிரிப்பு வருகிறது என்றும், அந்தக் கணத்தில் இதயம் சற்று மரத்துப்போயிருக்க வேண்டும் என்றும் சொன்னார். இங்கே இயந்திரமாவது சாவு அன்று, சாவைப் பதிவு செய்யும் அலுவலகத்தனம். நகராட்சி எழுத்தர் ஒருவர் திரைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு பேரேட்டில் வரிசையாக வரவு வைப்பதைப் போன்ற உணர்வு. நீங்கள் சிரித்தது அந்த எழுத்தரைப் பார்த்து.

மறுபாதி நில்ஸிடம் இருக்கிறது. இதைச் சொல்ல நம் கையிலேயே நல்ல சொற்கள் இருப்பதால் வேறெங்கும் போகவில்லை. தொல்காப்பியத்தில் உணர்ச்சி வெளிப்பாடுகளைப் பேசும் மெய்ப்பாட்டியல், நகை, அதாவது சிரிப்பு, பிறக்கும் இடங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்ற நான்கைச் சொல்கிறது. பேதைமைக்கும் மடனுக்கும் என்ன வேறுபாடு என்று எவருக்கும் ஐயம் வரும். பேதைமை அறிவின்மை என்றும், மடம் என்பது கொளுத்தக் கொண்டு கொண்டது விடாமை என்றும் பழைய உரை பிரித்துக் காட்டுகிறது. பிறர் மூளையில் ஏற்றிவிட்டதைப் பிடித்துக்கொண்டு, பிடித்த பிடியை விடாதிருப்பது. நில்ஸ் பிணங்களைக் கோழிக்கூண்டுக் கம்பிவலையில் சுற்றி அருவியில் வீசுகிறான். வலையின் கண்கள் வழியாக மீன்கள் சதையைத் தின்றுவிடும், உடல் ஊதி மேலே மிதக்காது என்பது அவன் கணக்கு. அந்தக் கணக்கை அவன் கற்றுக்கொண்டது ஒரு துப்பறியும் நாவலிலிருந்து. சாலையில் பனியைத் தள்ளுவதும் அருவியில் பிணத்தைத் தள்ளுவதும் அவனுக்கு ஒரே பாங்கான வேலை. முகம் மாறுவதில்லை, வேகம் கூடுவதில்லை. அதே மெய்ப்பாட்டியலில் கொலை வெகுளியின், அதாவது சினத்தின், கீழ் வைக்கப்பட்டிருக்கிறது. வெகுளி பிறக்க வேண்டிய இடத்தில் இந்தப் படம் மடனைக் கொண்டுவந்து உட்கார்த்திவிடுகிறது. அதனால்தான் பார்ப்பவருக்குக் கோபமும் முழுதாக எழுவதில்லை, பயமும் முழுதாக எழுவதில்லை. இடையில் நகை புகுந்துகொள்கிறது. படத்தின் தலைப்பே முட்டாள் என்றிருப்பது எனக்கு இந்த வாசிப்பில் கூடுதல் தைரியத்தைக் கொடுக்கிறது.

இதுவரை சொன்னது படத்துக்குள் இருப்பது, அதில் எனக்குப் பெரிய தயக்கம் இல்லை. இனி அரங்குக்குள் நடப்பதைப் பார்ப்போம். சிரிப்பைக் களத்தில் இறங்கி ஆராய்ந்த ராபர்ட் புரொவைன் என்ற அமெரிக்க உளவியலாளர், மனிதர்கள் தனியாக இருக்கையில் சிரிப்பதைக் காட்டிலும் பிறருடன் இருக்கையில் சுமார் 30 மடங்கு அதிகமாகச் சிரிக்கிறார்கள் என்று கண்டார். சிரிப்பு அடிப்படையில் ஒரு சமூகச் செய்கை என்பது அவர் கண்டுபிடிப்பின் சாரம். அதிலும் இருண்ட நகைச்சுவைக்கு ஒரு சிறப்புத் தேவை உண்டு: அனுமதி. ‘இதற்குச் சிரிக்கலாமா’ என்று எல்லோரும் ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கும்போது, எவராவது ஒருவர் முதலில் சிரித்துத் தொலைக்க வேண்டும். என் முதல் திரையிடலில் அந்தப் பணியை ஓர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் செய்தார். ஊரில் எல்லோரும் மதிக்கும் மனிதர், அவரே சிரித்துவிட்டார் என்றதும் அரங்கு அவிழ்ந்துகொண்டது. இரண்டாவது கூட்டத்தில் கல்லூரி மாணவர்கள் முதல் அரை மணியிலேயே சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் அது சற்றுச் சத்தமான சிரிப்பு, தங்களுக்கு இதெல்லாம் பழக்கம்தான் என்று பக்கத்தில் இருப்பவருக்கு அறிவிக்கும் சிரிப்பு. மூன்றாவது திரையிடல் ஒரு மழை நாளில் பதினொரு பேரோடு நடந்தது. அவரவர் இடைவெளிவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். கடைசிவரை யாரும் வாய்விட்டுச் சிரிக்கவில்லை. படம் முடிந்ததும் அவர்களில் பலர் ‘நல்ல சோகப் படம்’ என்றார்கள். அதே படம், அதே சப்டைட்டில். வீட்டுக் கூடத்தில் இரண்டு பேராக நீங்கள் பார்த்தது இந்த மூன்றாவது நிலைக்கு அருகில் வரும். உங்களுக்கு அனுமதி கொடுக்க அங்கே யாரும் இல்லை. ஆனாலும் சிரித்தீர்கள் என்றால், படத்தின் தாளம் உங்களைச் சீக்கிரமே பிடித்துக்கொண்டது என்று கொள்ளலாம். உங்கள் மனைவியைப் பிடிக்கவில்லை. இருவரில் எவர் மனம் மேன்மையானது என்பதற்கு இதில் சான்று எதுவும் இல்லை.

பலர் ‘இது வட ஐரோப்பியரின் குளிர்ந்த நகைச்சுவை, நமக்குப் பிடிபடாது’ என்று எழுதுகிறார்கள். இந்த வாதத்தில் எனக்குப் பாதி நம்பிக்கைதான். ஒரு தேசத்துக்கே ஒரு நகைச்சுவை உணர்வு உண்டு என்பதை எப்படி நிறுவுவது என்று எனக்கு விளங்கவில்லை. கோயன் சகோதரர்களின் ‘ஃபார்கோ’வோடு இதை ஒப்பிடாத விமர்சகர் குறைவு, அந்தப் படமோ அமெரிக்க மினசோட்டாவில் நடப்பது. ஆனால் நார்வேப் பார்வையாளருக்குக் கேட்கும் சில விஷயங்கள் நமக்குக் கேட்பதில்லை என்பது உறுதி. நில்ஸ் ஸ்வீடிஷில் பேசுகிறான், சுற்றியிருப்பவர்கள் நார்வேஜியத்தில் பேசுகிறார்கள். இரண்டு மொழிக்காரர்களும் ஒருவரை ஒருவர் ஏறத்தாழப் புரிந்துகொள்வார்கள் என்பதால் உரையாடல் தடையின்றி நகர்கிறது. சப்டைட்டில் இரண்டையும் ஒரே மொழியாக்கிவிடுகிறது. அண்டை நாட்டு ஸ்வீடன்காரனை முட்டாளாக்கிச் சொல்லும் துணுக்குகள் நார்வேயில் ஒரு தனி மரபு. அப்படிப்பட்ட ஒருவனை ‘நன்றாகக் கலந்துவிட்ட குடியேறி’ என்று மேடையேற்றிப் பாராட்டுவதும், அவன் தலைப்பிலேயே முட்டாளாக இருப்பதும் அங்கே முதல் காட்சியிலிருந்தே முறுவலை வரவழைக்கும். கொலைகாரர்கள் காரில் உட்கார்ந்துகொண்டு, வெயில் அடிக்கும் நாடுகளில் ஏன் மக்கள் நல அரசு இருப்பதில்லை என்று தர்க்கம் செய்யும் இடமும், செர்பியர்கள் நார்வேச் சிறையின் வசதிகளைச் சிலாகிக்கும் இடமும் அப்படியே. சாதாரணக் குற்றங்களுக்கு அதிகபட்சத் தண்டனை 21 ஆண்டு என்றும், சிறை என்பது திருத்தும் இடம் என்றும் சட்டமே வைத்திருக்கும் நாடு அது. படம் வந்த காலத்தில் ஐம்பது லட்சத்தைச் சற்றே தாண்டியிருந்த மக்கள்தொகையில் ஆண்டுக்குச் சுமார் 30 கொலைகள் நடந்த நாட்டில், ஒரு பனிக்காலத்துக்குள் ஒரு மலைச்சாலையில் இத்தனை பேர் சாவது நம்ப முடியாத மிகை என்பதும் அவர்களுக்கு உடனே உறைக்கும். கூடவே, ஈஸ்டர் விடுமுறைக்கு மலைக்குடில்களுக்குப் போகும்போது துப்பறியும் நாவல்களைக் கட்டிக்கொண்டு போவது அங்கே 1923 முதல் வேரூன்றிய வழக்கம். அந்த ஆண்டு, பெர்கன் ரயில் கொள்ளையடிக்கப்பட்டது என்று நாளிதழில் செய்தி போலவே தோன்றிய ஒரு நாவல் விளம்பரத்தில் அது தொடங்கியது. இன்று பால் அட்டைப் பெட்டியில்கூட ஈஸ்டருக்குத் துப்பறியும் படக்கதை அச்சாகிறது. கொலையைப் பனியோடும் விடுமுறையோடும் சேர்த்துச் சுவைக்கப் பழகிய வாசகர்கள் அவர்கள். இந்தப் பின்னணி சிரிப்பை எளிதாக்குகிறது என்று சொல்லலாம். சிரிப்புக்கு இதுவே காரணம் என்று சொன்னால் மிகையாகும், ஏனென்றால் என் தலைமையாசிரியருக்கு இவற்றில் எதுவும் தெரியாது.

பார்வையாளர் எதிர்வினையைச் சோதித்துப் பார்க்க இந்தப் படத்துக்கு அபூர்வமான ஒரு வாய்ப்பும் அமைந்தது. மோலாண்டே 2019இல் இதே கதையை ‘கோல்ட் பர்சூட்’ என்ற பெயரில் ஆங்கிலத்தில் மீண்டும் எடுத்தார். களம் அமெரிக்காவின் கொலராடோவுக்கு மாறியது, நாயகன் லியம் நீசன். அட்டைகள் உண்டு, அருவி உண்டு. பிணவறையில் மகனின் உடல் கிடக்கும் தட்டு, கிறீச்சிட்டுக்கொண்டே மெல்ல மெல்லப் பார்வை மட்டத்துக்கு உயர, பெற்றோர் பேச்சற்று நிற்கும் காட்சியை அரங்கு என்ன செய்வதென்று தெரியாமல் எதிர்கொண்டது. காரணம் நீசனின் முகம். 2008இல் வந்த ‘டேக்கன்’ படத்துக்குப் பிறகு அவரை மகளுக்காகவும் குடும்பத்துக்காகவும் பழிவாங்கும் வீரனாகவே பார்த்துப் பழகியவர்கள், அவர் ஒருவனை அடித்தால் கைதட்டக் காத்திருப்பார்கள். அந்த அடியே அசட்டுத்தனமாகத் தெரிய வேண்டும் என்ற நிலையில் கைதட்டலும் சிரிப்பும் ஒன்றையொன்று தடுக்கின்றன. ஸ்கார்ஸ்கார்டுக்கு அப்படி ஒரு சுமை இல்லை. போதாக்குறைக்கு, படம் வெளியாகும் வாரத்தில் நீசன் ஒரு பேட்டியில், தனக்கு நெருக்கமான பெண் ஒருவர் பல ஆண்டுகளுக்கு முன் வன்புணர்வுக்கு ஆளானபோது, அதைச் செய்தவர் கறுப்பினத்தவர் என்று அறிந்து, யாராவது ஒரு கறுப்பினத்தவர் தன்னோடு வம்புக்கு வருவாரா என்று தாம் தெருக்களில் அலைந்ததையும், அதற்காக வெட்கப்படுவதையும் சொல்ல, பெரும் கண்டனம் எழுந்தது. நியூயார்க் முதற்காட்சியின் சிவப்புக் கம்பள நிகழ்ச்சி ரத்தானது. பழிவாங்கலின் மூடத்தனத்தைப் பற்றிய ஒரு நகைச்சுவையைப் பார்க்க வந்தவர்கள், மெய்யான பழி உணர்ச்சி ஒன்றின் நினைவோடு உட்கார வேண்டியதாயிற்று. ஏறத்தாழ அதே கதை, அதே இயக்குநர். சிரிப்பு மட்டும் இடம் மாறிவிட்டது. படத்தின் தரம் மட்டுமே எதிர்வினையைத் தீர்மானிப்பதில்லை என்று நான் சொல்லும்போதெல்லாம் இந்த இணையைத்தான் எடுத்துக்காட்டுவேன்.

நீங்கள் ‘ஹோடெயேகர்னெ’ பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். யூ நெஸ்பூவின் நாவலை மோர்டன் டில்டும் 2011இல் எடுத்த அந்தப் படத்தில் வரும் சிரிப்பு வேறு இனம். அதில் நாயகன் தப்பிப்பதற்காகக் கிராமத்துக் குழிக்கழிப்பறைக்குள் மூழ்கி, காகிதச் சுருளின் நடுக்குழலை வாயில் வைத்து மூச்சுவிடுகிறான். அங்கே அரங்கில் எழுவது இளிவரல், அதாவது அருவருப்பு, தாங்க முடியாமல் வெடிக்கும் சிரிப்பு. தலைமுடியும் விலையுயர்ந்த கோட்டும் குலையாமல் அறிமுகமான ஒருவன் அந்த நிலைக்கு இறங்குவதைப் பார்ப்பதில் எள்ளலும் கலந்திருக்கிறது. அதற்குச் சிரித்த எவரும் மறுநாள் குற்ற உணர்ச்சியோடு கேள்வி எழுதியதில்லை.

இனி ஐயமான பகுதிக்கு வருகிறேன். தவறு என்று தோன்றும் ஒன்று அதே நேரத்தில் தீங்கற்றதாகவும் தோன்றும்போது சிரிப்பு பிறக்கிறது என்று மெக்ரா, வாரன் என்ற ஆய்வாளர்கள் இருவர் 2010இல் ஒரு கொள்கையை முன்வைத்தார்கள். உங்கள் அனுபவத்துக்கு இது அழகாகப் பொருந்துகிறது. அளவுக்கு மீறிப் பொருந்துகிறது என்பதே என் தயக்கம். சிரிப்பு வந்தால் தீங்கற்றதாகத் தோன்றியது, வராவிட்டால் தோன்றவில்லை என்று எதையும் பின்னாலிருந்து விளக்கிவிடலாம். ஃப்ராய்ட் சொன்ன தூக்குமேடைத் துணுக்கையும் இங்கே பலர் இழுத்து வருகிறார்கள்: திங்கட்கிழமை காலையில் தூக்குக்கு அழைத்துச் செல்லப்படும் கைதி, ‘வாரம் நன்றாகத்தான் தொடங்குகிறது’ என்றானாம். அது சாகப்போகிறவனே சொல்லும் நகைச்சுவை; தன் சாவைத் தானே சிறிதாக்கிக்கொள்ளும் பெருமிதம் அதில் உண்டு. ‘கிராஃப்டிடியோட்டன்’இல் சாகிறவர்கள் தங்கள் சாவைப் பற்றி அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை. நகைப்பது நாம். இந்த இரண்டையும் ஒரே கூடையில் போடுவது எனக்கு உடன்பாடில்லை. இப்படிச் சிரிப்பதால் இரக்கம் மழுங்கிப்போகிறதா என்ற கேள்விக்கு, ஒரு படத்தை வைத்து எவரும் பதில் சொல்ல முடியாது, நானும் சொல்லப்போவதில்லை. நான் கண்டது இவ்வளவே: இரண்டாம் பாதியில், நில்ஸ் பிரபுவின் சிறுவயது மகனைக் கடத்தி வைத்திருக்கும்போது, தூங்கப்போகும் பையனுக்கு வாசித்துக்காட்டக் கதைப்புத்தகம் இல்லாமல் பனி அகற்றும் வண்டிகளின் விலைப்பட்டியலைப் படித்துக்காட்டுகிறான். அதுவரை ஒவ்வொரு சாவுக்கும் சத்தம் போட்டுச் சிரித்த மாணவர்கள் அங்கேயும் சிரித்தார்கள், ஆனால் தணிந்த குரலில், சட்டென்று நின்றுவிட்ட சிரிப்பாக. அவர்களுக்குள் ஏதும் மரத்துப்போயிருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் படத்தின் மேல் குற்றமே இல்லை என்று நான் வாதிட வரவில்லை. செர்பியர்கள் ஒரு கூட்டமாகவே வந்து கூட்டமாகவே சாகிறார்கள். தலைவனைத் தவிர எவருக்கும் தனி முகம் இல்லை. இன, தேச அடையாளத்தை வைத்துச் சொல்லப்படும் சில துணுக்குகள் பாத்திரங்களின் மூடத்தனத்தைக் காட்டுவதாகப் பாசாங்கு செய்துகொண்டு, அரங்கிலிருந்து நேரடியாகச் சிரிப்பை வாங்கிக்கொள்கின்றன. பெண்களுக்கு இந்தக் கதையில் செய்வதற்கு ஏறக்குறைய எதுவும் இல்லை. இதை இரக்கமற்ற படம் என்று எழுதியவர்கள் பெரும்பாலும் இந்த இடங்களைத்தான் சுட்டுகிறார்கள், அவர்கள் சுட்டுவது சரி.

இதில் ஒன்றை மட்டும் தனியே சொல்ல வேண்டும், ஏனென்றால் அது உங்கள் மனைவியைப் பற்றியது. மகன் இறந்த பிறகு, கணவனின் மௌனத்தைத் தாங்க முடியாமல் நில்ஸின் மனைவி வீட்டை விட்டுப் போய்விடுகிறாள். அதன்பின் கதையில் அவளுக்கு இடமே இல்லை. படத்தில் அழுகை என்ற மெய்ப்பாட்டைச் சுமந்துகொண்டிருந்த ஒரே ஆள் அவள்தான். அவளை வெளியே அனுப்பிவிட்ட பிறகுதான் திரைக்கதைக்குக் கைகால் நீட்டிக்கொள்ள முடிகிறது, அட்டைகள் வேடிக்கையாக முடிகிறது. நீங்கள் நில்ஸோடு வண்டியில் ஏறிவிட்டீர்கள், அதனால் சிரித்தீர்கள். உங்கள் மனைவி எந்தக் காட்சியில் எழுந்து போனார் என்று உங்கள் கேள்வியில் நீங்கள் குறிப்பிடவில்லை. ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அந்தத் தாய் கிளம்பிய இடத்துக்குப் பக்கத்தில் என்றால், மீண்டும் உட்காரச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். அவர் அந்தத் தாயோடு கிளம்பியிருக்கிறார்.